அதுக்குப் பதிலா எது?

அவர் வீட்டுக் காலிங்பெல்லுக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கும். 'இந்த மணி அடிக்காது. பொங்கலுக்குள் மாற்றிவிடுவேன். அதுவரை கதவைத் தட்டவும். காதில் விழவில்லை என்றால் சமையலறை ஜன்னல் பக்கம் வரவும்.' முதல் தடவை போனபோது நான் அதைப் படிக்கவில்லை. மணியை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சார், படிக்கறதுக்குத்தான் அட்டை ஒட்டியிருக்கு."

அவர் என்னை சார் என்பார். நான் அவரை மேடம் என்பேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆபீஸில் நேற்று சேர்ந்த பிள்ளைகள்கூட எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் மட்டும் ஏனோ கடைசிவரை சார், மேடத்திலேயே நின்றுவிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவதென்றால் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாமல் செய்கிற எதையும் அவருக்குப் பிடிக்காது.

சிறுசேரியில் எங்கள் கம்பெனி லைப்ரரி தயாரித்தது. புத்தகம் அடுக்கி வைக்கிற லைப்ரரி இல்லை. மற்ற புரோகிராமர்கள் எடுத்துத் தங்கள் புரோகிராமுக்குள் போட்டுக்கொள்ளும்படி முன்பே எழுதி வைத்த துண்டுகளுக்கு அந்தப் பெயர். தேதியைக் கணக்குப் போட ஒன்று, பில் அச்சடிக்க ஒன்று என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். கடையில் பாக்கெட் மாவு வாங்கி வீட்டில் தோசை ஊற்றுவதில்லையா, அந்த மாதிரி. மாவுக்காரர் திடீரென்று மாவை மாற்றினால் தோசை ஊற்றுகிறவர் பாடு திண்டாட்டம். அதனால் பழைய துண்டு எதையாவது எடுக்கப் போகிறோம் என்றால், அதை விளக்கும் பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பெட்டி போட்டு அதற்குள் எச்சரிக்கை எழுத வேண்டும். மேடத்துக்கு அதுதான் வேலை. வேறு வேலையே கிடையாது. ஒரு மனுஷி வருஷக்கணக்காக எச்சரிக்கை மட்டுமே எழுதிச் சம்பளம் வாங்க முடியும் என்பதை என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை.

என்னுடைய வேலை ரிலீஸ் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டுவது. ஆகவே எங்கள் இருவருக்கும் பொருந்தவே பொருந்தாது. ஊரே முடித்துவிட்டுக் காத்திருக்கும், அவர் ஒருவர் மட்டும் 'ஓகே' சொல்ல மாட்டார். நான் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்று பல்லைக் கடிப்பேன்.

அவருக்கு மூன்று வரி வேண்டும். எது போகிறது, எப்போது போகிறது, அதுக்குப் பதிலா எது. இதில் ஒரு வரி குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை ஒரு பையன் 'விரைவில் நீக்கப்படும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

"விரைவில்னா எப்போ சார்? நாளைக்கா, நான் ரிட்டையர் ஆகறப்பவா?"

"மேடம், இதையெல்லாம் யாரும் படிக்கறதில்ல. எல்லாரும் வார்னிங் வராம ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"எல்லாம் உடைஞ்சதுக்கப்புறம் ஒருத்தன் இந்தப் பக்கத்துக்கு வந்து நிப்பான் சார். அவனுக்கு எழுதறோம். அதுக்குப் பதிலா எதுன்னு சொல்லாம விட்டா அவன் எங்க போவான்?"

பயமுறுத்தி எழுதுவதும் அவருக்கு ஆகாது. 'அபாயம்', 'கண்டிப்பாகக் கூடாது' என்றெல்லாம் சிவப்பில் எழுதி வந்தால் அடித்துவிடுவார். வந்தவனைத் திட்டி அனுப்புவதற்கு நாம் என்ன ஹெட்மாஸ்டரா என்று கேட்பார். அவர் எழுதும் எச்சரிக்கை எல்லாமே பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் தோளைத் தொட்டு, இந்த பஸ் அங்கே போகாது, அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று சொல்வது போலத்தான் இருக்கும். ஆபீஸில் அவருக்கு 'மஞ்சப்பெட்டி' என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும்.

வேலையில் மட்டும் இப்படி இருந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மனுஷி வாழ்ந்ததே மஞ்சள் பெட்டிக்குள்தான்.

நான் தாம்பரம் கேம்ப் ரோடில் கம்பெனி பஸ் ஏறுவேன். அவர் செம்பாக்கத்தில் ஏறுவார். மறுநாள் லீவு என்றால் முந்தின நாளே டிரைவரிடம், என்னிடம், ஆபீஸ் செக்யூரிட்டியிடம், டீ கொண்டுவரும் அம்மாவிடம் தனித்தனியாகச் சொல்லிவிடுவார். பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் அம்மாவிடமும் சொல்வார். நாளைக்கு நான் வர மாட்டேன், என் முழத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று.

"ஒரு மொழம் பூவுக்கு இம்மாம் பேஜாரா?" என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டதை நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

டீ அறையில் சர்க்கரை டப்பாவை ஒரு தட்டு மேலே மாற்றி வைத்தால், பழைய இடத்தில் ஒரு சீட்டு இருக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் எல்லாரும் சர்க்கரையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் அதிகம். ஆனாலும் அவர் லீவில் இருக்கும் நாள்களில் அந்த பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருப்பது ஒரு மாதிரியாக இருக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை.

ஒருமுறை அப்பாவின் திவசத்துக்காக ரெண்டு நாள் லீவு போட்டார். வழக்கம் போல ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார். புதிதாக வந்திருந்த மேனேஜருக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்கிற வெறி. அந்த ரெண்டு நாளில் பழைய துண்டுகளில் பாதியை எடுத்துவிட்டார். அவற்றின் பக்கங்களையும் சேர்த்தே எடுத்துவிட்டார். போனது போகட்டும், குப்பை குறைந்தது என்று எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மேடம் திரும்பி வந்த அன்று ஒரு மெயில் வந்தது. கோவளம் பக்கம் ஒரு மீனவ ஊர்க்காரர். ஏலக் கூடத்துக்கு பில் போடும் புரோகிராமை அவரே எங்கள் லைப்ரரியை வைத்து எழுதியிருந்தார். அன்றைக்கு எங்கள் லைப்ரரியின் புதுப் பதிப்பை அதில் ஏற்றியிருக்கிறார். காலையில் படகெல்லாம் வந்துவிட்டது, மீன் கரையில் கிடக்கிறது, பில் வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க எங்கள் பக்கத்துக்கு வந்தால் பக்கமே இல்லை. மெயில் முழுக்கத் திட்டு. கடைசி வரி மட்டும் திட்டாக இல்லை. 'எடுக்கறதை எடுங்க, சொல்லியிருக்கலாமே.'

மேடம் அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே மாடிப்படிப் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். நேராக அந்த ஆளுக்கு போன் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டே இருந்தார். பில் வந்ததா என்று கேட்டு, வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் வைத்தார். அப்புறம் எடுத்த பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட ஆரம்பித்தார்.

மேனேஜர் வந்து, "ஒருத்தருக்காகவா இவ்ளோ?" என்றார்.

"எழுதினவர் ஒருத்தர்தான். எழுதாமப் போனவங்க எத்தனை பேரோ."

அன்று சாயங்காலம் மேடவாக்கத்தில் பஸ் நகரவே இல்லை. நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அவராகப் பேச ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் வீட்டு விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது. தனியாக இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

"எனக்கு ஒரு தம்பி சார். பாலிடெக்னிக் கடைசி வருஷம் படிச்சான். ஒரு நாள் காலைல ரெண்டு தோசை சாப்பிட்டான், தட்டைக் கழுவி வச்சான், போனான். அவ்வளவுதான்."

"எங்க போனான்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சண்டை கிடையாது, ஒண்ணும் கிடையாது. அப்பா போலீஸ், பேப்பர், கோயில் எல்லாம் பார்த்தார். அப்புறம் அப்பாவும் போயிட்டார், அம்மாவும் போயிட்டாங்க." மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "அவன் போய் நாலஞ்சு நாள் கழிச்சு இஸ்திரிக்காரர் வந்தார். அவனோட சட்டை ரெண்டு பேன்ட் ஒண்ணு, மடிச்சு எடுத்துட்டு வந்தார். போறதுக்கு முந்தின நாள் இவனே போய்க் குடுத்திருக்கான். திரும்பி வர்ற எண்ணம் இல்லாதவன் இஸ்திரிக்குத் துணி போடுவானா சார்?"

போட மாட்டான் மேடம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஒரு கேள்வியின்மேல்தான் அவர் அத்தனை வருஷமாக நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அந்தச் சட்டைகளை என்ன செய்தார் என்று கேட்க வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் நான் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன், மணி அடிக்காத அந்த வீட்டுக்கு. செம்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீட்டின் பின்போர்ஷன். அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு இருந்தார்கள். தெருமுனையில் புங்கமரம், அதன் கீழ் இஸ்திரி வண்டி. அந்த வீட்டில் எதுவுமே மாறியிருக்கவில்லை. கேட்டின் கொக்கி உடைந்திருந்தது, ஆனால் புதிது போடாமல் அதே கொக்கியைக் கம்பி சுற்றி வைத்திருந்தார். ஹாலில் சுவரோரம் லேண்ட்லைன் போன் இருந்தது. அதில் யாரும் கூப்பிடுவதில்லை. மாதம் தவறாமல் பில் கட்டினார்.

"அவனுக்குத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதானே சார். அப்போ செல்போன் ஏது?"

மாறியே ஆக வேண்டியவை மட்டும்தான் மாறியிருந்தன. அவற்றுக்கெல்லாம் அட்டை இருந்தது. 'தண்ணீர்க் குடம் இங்கே இல்லை, ஃபில்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில்.' 'இந்த சுவிட்ச் இப்போது ஃபேனுக்கு. விளக்கு இடதுபக்கம்.' ஒருத்தர் மட்டும் வாழும் வீட்டின் சமையலறையில், இன்னொருத்தருக்காக எழுதிய அட்டைகள். எனக்கு அங்கே நிற்கவே கஷ்டமாக இருந்தது. டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டேன்.

"இவ்ளோ வருஷம் கழிச்சு வந்து அவன் சுவிட்சைத் தேடப்போறானா மேடம்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான், என் வாய் அப்படி.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அவனைத் தேடிப் போய்ச் சொல்ல முடியாது சார். எங்க இருக்கான்னு தெரியாது. அவன் எங்க வந்து நிப்பானோ அங்க எழுதி வைக்கலாம். நம்மால ஆனது அவ்வளவுதான். ஆபீஸ்லயும் அதைத்தானே பண்றோம்?"

வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் இறந்ததும் பிள்ளைகள் இடத்தை ஒரு பில்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூத்த பிள்ளை நேரில் வந்து, மூன்று மாதம் டைம் தருகிறோம், காலி செய்துவிடுங்கள் என்று சொன்னார். மேடம் மறுநாள் பஸ்ஸில் அதை என்னிடம் சொன்னபோது குரலே இல்லை.

"முறையாத்தான் சொன்னார் சார். எது போகுது, எப்போ போகுது, ரெண்டும் சொல்லிட்டார். அவர்மேல குத்தம் சொல்ல முடியாது."

"அதுக்குப் பதிலா எதுன்னு சொல்லலையே."

"அது அவர் வேலை இல்லையே" என்றார்.

அதே சமயத்தில் எங்கள் டீமையும் மூடப் போவதாகப் பேச்சு வந்தது. வேலை போனால் அந்தப் பக்கத்து வாடகை அவருக்குக் கட்டாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. வீடு போனால் தம்பி வந்து எங்கே நிற்பான் என்பதுதான் ஒரே கவலை. அந்த லேண்ட்லைனும் போய்விடும். தெருவில் அந்த வயரையே எடுக்கப்போகிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார். டைனிங் டேபிளில் பேப்பரும் பேனாவும் இருந்தன. தம்பிக்கான அறிவிப்பை எழுத உட்கார்ந்தோம். வாழ்க்கையில் அத்தனை எச்சரிக்கை எழுதிய மனுஷிக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை. முதல் ரெண்டு வரி வந்துவிட்டது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"புது அட்ரஸ் போட்டுடலாமே" என்றேன்.

"இப்போ போற இடம் பதினோரு மாச அக்ரிமென்ட் சார். அப்புறம் எங்கன்னு தெரியாது. தப்பான அட்ரஸுக்குப் போய் நின்னான்னா? ஒரு தடவைதான் வருவான். ரெண்டாவது தடவை தேட மாட்டான்."

"சரி, கேட்ல ஒட்டலாம்."

"கேட்டையே இடிக்கப் போறாங்க."

எனக்குக் கோபமாக வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போன ஒருத்தனுக்காக இந்த அம்மா இப்படி உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று. அவன் மட்டும் அப்போது எதிரில் வந்திருந்தால் ஓங்கி அறைந்திருப்பேன்.

திடீரென்று அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "மாறாத இடமா ஒண்ணைக் காட்டிட்டா போதும் சார். மத்ததை அங்க மாத்திக்கலாம்" என்றார். ஆபீஸிலும் அப்படித்தான் செய்வோம். ஒரு பக்கம் அடிக்கடி இடம் மாறும் என்றால், மாறாத ஒரு பக்கத்துக்கு வழிகாட்டிவிட்டு, அந்தப் பக்கத்தில் புதிய விவரத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். நான் அவர் பின்னாலேயே போனேன். நேராகப் புங்கமரத்தடிக்குப் போய் நின்றார்.

இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் காது கொடுத்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அன்றைக்குத் தம்பியின் துணியைக் கொண்டுவந்தவர் இவர்தான், அவன் முகம் தெரிந்தவர் அந்தத் தெருவில் இவர் ஒருவர்தான் மிச்சம்.

"அண்ணே, நான் வீட்டைக் காலி பண்றேன். யாராவது வந்து அந்த இடத்தைப் பார்த்துட்டு நின்னா, நான் எங்க இருக்கேன்னு நீங்க சொல்லணும். வீடு மாறினா உங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போவேன்."

"தம்பிக்கா?"

"யாரா இருந்தாலும் சொல்லுங்க. அவன் எப்படி மாறியிருப்பானோ. அவன் இல்லன்னு நினைச்சு விட்டுடாதீங்க."

"நானும் இங்க எத்தினி நாள் கீறனோ, யாருக்குத் தெரியும்?"

"நீங்க போறதா இருந்தா முன்னாடியே எனக்குச் சொல்லிடுங்க."

அவர் சிரித்தார். "சொல்லாம எங்க போவப் போறேன்? நீ மன்சுல ஒண்ணும் வச்சுக்காத, போம்மா."

டீமை மூடினார்கள். மேடத்தின் கடைசி மெயில் எல்லாருக்கும் வந்தது. மூன்றே வரி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் இங்கே இருக்க மாட்டேன். மஞ்சள் பெட்டி பற்றிய சந்தேகங்களுக்கு இந்தப் பக்கத்தைப் பார்க்கவும். என்னைத் தேடுபவர்களுக்கு என் நம்பர் இது. நான் அந்த மெயிலுக்கு பதில் எழுத ஆரம்பித்து, என்ன எழுதுவதென்று தெரியாமல், 'நன்றி மேடம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

எனக்கு புனேயில் வேலை கிடைத்தது. போய்விட்டேன். கொஞ்ச நாள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டோம். நம்பர் மாறினால் அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் போன்தான் பஸ்ஸில் தொலைந்தது, அதோடு என் பழைய நம்பர் உட்பட எல்லாம் போயிற்று. திரும்பத் தாம்பரத்துக்கே வந்த பிறகு பழைய டைரியில் இருந்த அவர் நம்பரைக் கூப்பிட்டேன். வேறு யாரோ ஒரு பெண் எடுத்தார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வேலை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் செம்பாக்கத்தில் போய் இறங்கினேன். மகள் வெளியூரில், மனைவி அவளோடு. வீட்டில் போய்ப் பேசுவதற்கு ஆளில்லை. அந்தத் தெருவுக்குள் நடந்தேன். பழைய வீட்டின் இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம். கீழே கார் நிறுத்துமிடம், கண்ணாடிக் கதவு. அதற்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்போர்ஷன் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

"சார், யாரைத் தேடற?"

புங்கமரம் இருந்தது. வண்டி இருந்தது. கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்திருந்தது. இஸ்திரிக்காரர் நன்றாக இளைத்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"பளைய வூடு இடிச்சிட்டாங்க சார். அந்தம்மா இந்த பில்டிங்ல இல்ல, மேல போய்த் தேடாத. பல்லாவரம் போயி எறங்கு. ஸ்டேஷனாண்ட பம்மல் போற ஷேர் ஆட்டோ நிக்கும். தண்ணி டேங்குன்னு சொல்லி எறங்கு. டேங்குக்கு எதுர்த் தெரு, மூணாவது வூடு, மாடில பச்சை கிரில்லு. அங்கதான் கீது அந்தம்மா. எந்நேரம் போனாலும் இருப்பேன்னு சொல்லச் சொல்லிச்சு."

மூச்சு விடாமல் சொன்னார், பள்ளிப்பிள்ளை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி.

"இது எப்போ சொன்னது? இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"நடுவுல ரெண்டு வூடு மாறிச்சு. ஒவ்வொரு வாட்டியும் வந்து சொல்லிச்சு, என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லும். இப்பக்கூட மாசா மாசம் வரும். கால் வலியோட ஆட்டோ புடிச்சு வந்து, அட்ரஸ் அதேதான் அண்ணேன்னு சொல்லிட்டுப் போவும்."

"வேற யாராவது வந்தாங்களா?"

அவர் ஒரு சட்டையை எடுத்து விரித்தார். காலரை நீவிவிட்டுக்கொண்டே, "இல்ல சார். நீதான் மொதல்ல" என்றார்.

நான் அப்போதே கிளம்பினேன். பல்லாவரம், ஷேர் ஆட்டோ, தண்ணி டேங்க், எதிர்த் தெரு. பச்சை கிரில். மாடிப்படி குறுகலாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் காலிங்பெல், அதற்குக் கீழே அட்டை. எழுத்து அதே எழுத்து.

'இந்த மணி அடிக்கும். ஒரு தடவை போதும். முட்டிவலி, எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும். போய்விட வேண்டாம்.'

ஒரு தடவை அழுத்தினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. "வரேன், வரேன்" என்று குரல் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் செருப்பு தேய்கிற சத்தம். கதவு திறந்தபோது அந்த முகத்தை நான் முன்பு ஒருநாளும் பார்த்ததில்லை. அவ்வளவு வெளிச்சம். என்னைப் பார்த்ததும் அது இறங்கியது. மறுபடி அவர் சிரித்தார், நிஜமாகத்தான் சிரித்தார், ஆனால் முதலில் பார்த்த அந்த முகம் எனக்கானது இல்லை. எனக்கு வலித்தது. அதற்காக அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

"சார்! நீங்களா! தலையெல்லாம் நரைச்சுப் போச்சே. எப்படி வந்தீங்க? என் நம்பர் தொலைஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"செம்பாக்கம் போனேன் மேடம். இஸ்திரிக்காரர் சொன்னார்."

கதவைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பல்லாவரம் ஸ்டேஷன்னு சொன்னாரா? சொன்னார். டேங்குக்கு எதிர்த் தெருன்னு சொன்னாரா, பக்கத்துத் தெருன்னா? எதிர்த் தெரு. நீங்க யாருன்னு கேட்டாரா? கேட்கலை, அவராகவே சொன்னார். நடுவுல யார்கிட்டயாவது வழி கேட்டீங்களா? இல்லை மேடம், நேரா வந்துட்டேன்.

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் பழைய ஆபீஸ் குரலில், ரிலீஸுக்கு 'ஓகே' சொல்கிற அந்தக் குரலில் சொன்னார்.

"இத்தனை நாள்ல இந்த வழியில ஒருத்தர்கூட வந்ததில்ல சார். வேலை செய்யுதா, செய்யலையான்னு தெரியாமலே உட்கார்ந்திருந்தேன். அப்போ சரியாத்தான் இருக்கு. அவன் கிளம்பினா வந்து சேர்ந்துடுவான்."